பிஜூவின் இடது காது

சிவராமன் சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து இருபது நிமிடமாகிவிட்டது. தலையில் ஹெல்மெட். கையில் சாக்கடை அடைப்பு எடுக்க வாங்கிய ரப்பர் கையுறை. மேசைக்குக் கீழே, இரண்டு கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு வெள்ளை நாய்க்குட்டி அவருடைய ஒற்றைச் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, அது குட்டிங்க. பொறந்து மூணு மாசம்கூட ஆகல,” என்றாள் பங்கஜவல்லி, அடுப்படி வாசலில் நின்றபடி.

“பல்லு இருக்குல்ல?”

“கரப்பான்பூச்சிக்குக்கூடத்தான் மீசை இருக்கு. அதுக்குன்னு மேசை மேலயா ஏறுவாங்க?”

சிவராமன் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டார். போன மாதம் ஒரு கரப்பான்பூச்சிக்காக அவர் இதே மேசையின் மேல் ஏறியிருந்தார்.

பயத்தில் சிவராமனை மிஞ்ச காரைக்கால் கோவில்பத்தில் ஆள் கிடையாது. குக்கர் விசில், பல்லி, இடி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் நாய்ப் பயம் தனி ரகம். ஏழு வயதில் நெடுங்காட்டில் அத்தை வீட்டுத் தெருவில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து எங்கேயாவது நாய் குரைத்தால் போதும், அவருடைய இடது கை தானாகப் போய்த் தொப்புளை மூடிக்கொள்ளும். இப்போதும் மூடித்தான் இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள் நாய் எப்படி வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? நாயைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு இருந்தது. அதன் பெயர் ஏனாம்.

காரைக்காலில் அரசு வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரைக்காலும் ஏனாமும் ஒரே புதுச்சேரி அரசாங்கம்தான். நடுவில் முக்கால் ஆந்திரா கிடக்கிறது, அவ்வளவுதான். ரயிலேறிக் காக்கிநாடா போய், இறங்கி பஸ் பிடித்து, தெலுங்கில் வழி கேட்டுக்கொண்டு போக வேண்டும். சிவராமனுக்கு முன்னால் அவருடைய கிளார்க் நாற்காலியில் இருந்தவர் இரண்டு வருஷ மாறுதல் என்று போய் ஆறு வருஷம் கழித்துத்தான் வந்தார். வந்தவர் தூக்கத்தில் தெலுங்கு பேசினார்.

இப்போது மறுபடியும் ஒரு கிளார்க் ஏனாமுக்குப் போக வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. பங்கஜவல்லி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். “கடையை விட்டுட்டு நான் வரமாட்டேன். போறதுன்னா நீங்க தனியாப் போயிட்டு வாங்க,” என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். தனியாக! நாற்பத்தெட்டு வயதாகியும் சிவராமன் ஓர் இரவுகூட ஆளில்லாத வீட்டில் படுத்ததில்லை. உடனே மூன்று நாள் லீவு போட்டுத் திருநள்ளாறு போனார். மூன்று நாளும் நளதீர்த்தத்தில் முழுகி, சனி பகவானிடம் மன்றாடி, ஜலதோஷத்தோடு திரும்பினார்.

திரும்பிய அன்று காலையில்தான் துணை இயக்குநர் அடைக்கலராஜ் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒரு சின்ன விஷயம். உங்கள்ல யாருக்கு நாய்னா பிடிக்கும்?”

மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். சிவராமன் மட்டும் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். மாறுதல் லிஸ்ட் தயாராகிற நேரம். பெரியவர் மனசைக் குளிர வைக்கக் கடவுள் கொடுத்த சந்தர்ப்பம். தும்மிக்கொண்டே கையைத் தூக்கினார்.

“எனக்கு சார்! நாய்னா எனக்கு உயிரு சார்!”

டீ கொண்டுவந்த பியூன் தெட்சிணாமூர்த்தி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சிவராமன் தோளை உதறிக்கொண்டார்.

அன்று மாலையே தெட்சிணாமூர்த்தி ஒரு பிளாஸ்டிக் கூடையோடு கோவில்பத்துக்கு வந்துவிட்டார். கூடைக்குள் குட்டி இருந்தது. பெயர் பிஜூ.

“அய்யா பத்து நாளு பாண்டிச்சேரி போறாரு சார். அங்க அவரு வீட்டம்மாவுக்கு நாய் ஆகாதாம். அவரு வர்றதுக்குள்ள இதைப் பழக்கி வைக்கச் சொன்னாரு. இந்தாங்க பேப்பரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார், நான் சொல்றதைக் கேளுங்க. நாய்னா பயம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் திருப்பிக் கொண்டு போயிடுறேன். விஷயம் என்னன்னா...”

“உனக்கென்னய்யா, பியூனை ஏனாமுக்குப் போடமாட்டாங்க. கூடையை வச்சிட்டுக் கிளம்பு.”

தெட்சிணாமூர்த்தி கூடையை வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

பேப்பரில் பழக்க வேண்டியவை என்று ஏழு இனங்கள் டைப் அடிக்கப்பட்டிருந்தன. ஒன்று, காதைத் தொடுதல். இரண்டு, பாதங்களைப் பிடித்தல். மூன்று, வாயைத் திறந்து பார்த்தல். நான்கு, வாலைத் தூக்குதல். ஐந்து, முடி சீவுதல். ஆறு, நகம் வெட்டுதல். ஏழு, மேற்படி எதற்கும் குட்டி பயப்படாதிருத்தல். சிவராமன் பயப்படாதிருப்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கீழே பேனாவால் எழுதியிருந்தது: ‘தினமும் காலை பத்து மணிக்கு வாட்ஸப்பில் அறிக்கை தேவை.’

அதனால்தான் இந்த மேசை, இந்த ஹெல்மெட்.

“பத்தாகப் போவுது. ஏதாவது பண்ணித் தொலைங்க,” என்றாள் பங்கஜவல்லி.

சிவராமன் மேசை மேல் குப்புறப் படுத்தார். சாம்பார்க் கரண்டியை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, குட்டியின் இடது காதைத் தொட்டார். குட்டி அண்ணாந்து பார்த்தது. அதன் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கறுப்பு ஹெல்மெட்டும் ஆடுகிற கரண்டியும்தான். வீல் என்று அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. அதன் அலறலைக் கேட்டுச் சிவராமனும் அலறினார்.

பத்து மணிக்கு அறிக்கை போனது: ‘இனம் 1, காது தொடப்பட்டது.’

பொய் இல்லையே! எதால் என்று யாரும் கேட்கவில்லையே!

‘மிக நன்று’ என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தையில் சிவராமனுக்கு ஏனாம் ஐம்பது கிலோமீட்டர் பின்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. அந்த ருசியில் மறுநாள் ‘பாதங்கள் பிடிக்கப்பட்டன’ என்று அனுப்பினார். கட்டிலுக்கடியில் கிடந்த குட்டியின் பாதம் எந்த நிறம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பங்கஜவல்லி தூக்கினால் குட்டி சும்மா இருந்தது. காதுக்குப் பக்கத்தில் விரல் போனால் மட்டும் அவளையும் கவ்வப் பார்த்தது.

மூன்றாம் நாள் அதிகாரியிடமிருந்து செய்தி வந்தது. ‘காதைத் தொடும்போது பார்க்க ஆசை. வீடியோ அனுப்பவும்.’

சிவராமன் போனோடு அடுப்படிக்கு ஓடினார். “போச்சு! வல்லி, போச்சு! பொய் சொன்னதுக்கு ஏனாம்தான். ஏனாமேதான்!”

“கத்தாதீங்க. பக்கத்துல இருக்கிற செல்லம்மாக்கா ஆடு குட்டி போட்டிருக்கு. வெள்ளைக் குட்டி,” என்றாள் பங்கஜவல்லி.

சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் பயந்தவனுக்கு விளையாட்டு ஏது? பத்து நிமிடத்தில் செல்லம்மாளின் கொட்டகையில் சிவராமன் இருந்தார். ஆட்டுக்குட்டியின் காதை அவர் நீவிவிட, போனை ஒட்டிப் பிடித்துப் பங்கஜவல்லி படம் எடுத்தாள். வெள்ளை முடி, தொங்குகிற காது, ஒரு விரல். திரையில் வேறு எதுவும் தெரியவில்லை. அனுப்பியாகிவிட்டது.

அனுப்பிய பிறகுதான் இரண்டு பேரும் அதைச் சத்தத்தோடு பார்த்தார்கள். கடைசியில் கணீரென்று ஒரு “மே!” இருந்தது.

உடனே போன் அடித்தது.

“சிவராமன், என்ன சத்தம் அது?” என்று கேட்டார் அடைக்கலராஜ்.

“சார்... அது வந்து... சந்தோஷம் வந்தா பிஜூ அப்படித்தான் சார் கத்துது.”

“அப்படியா! என்கிட்ட இருந்தப்ப ஒரு நாளும் அப்படிக் கத்தினது கிடையாதே,” என்றார் அதிகாரி. குரலில் பொறாமை தெரிந்தது.

ஐந்தாம் நாள் சிவராமனுக்கு ஞானோதயம் வந்தது. பிஜூ பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் வீட்டில் பிறந்ததாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அடைக்கலராஜும் அதனிடம் பிரெஞ்சில்தான் பேசுவார். பாவம், குட்டிக்குத் தமிழே புரியவில்லை! நாம் “வாடா செல்லம்” என்றால் அதற்கு என்னவென்று தெரியும்?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஜான்பீட்டர் காரைக்காலில் அவருக்குத் தெரிந்தவர். அவரைக் கையோடு பைக்கில் ஏற்றி வந்தார். பெரியவர் கட்டிலுக்கு முன்னால் முழங்காலிட்டு, பட்டாளக் குரலில் “டூஸ்மான், பிஜூ! டூஸ்மான்!” என்றார். மெதுவாக என்று அர்த்தமாம்.

கட்டிலுக்கடியில் இருந்த குட்டி சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டு ஒன்றுக்குப் போனது.

ஜான்பீட்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “தம்பி, இதுக்கு பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சுன்னா பயம்ங்கறது மட்டும் தெரியுது. யாரோ இந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் காதைப் பிடிச்சு இழுத்திருக்காங்க.”

“இப்ப என்னங்கய்யா பண்றது?”

“எனக்கென்ன தெரியும்? பட்டாளத்துல நான் ஆப்பிரிக்காவுல ஒட்டகத்தோடதான் இருந்தேன்,” என்று சொல்லிவிட்டு அவர் காபி குடித்தார்.

ஏழாம் நாள், ‘முடி சீவப்பட்டது’ என்ற பொய்யை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அதை எப்படியாவது உண்மையாக்கிவிடச் சிவராமன் முயற்சி செய்தார். ஒட்டடைக் கம்பின் நுனியில் பிரஷைக் கட்டி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சீவினார். முதல் இழுப்பிலேயே பிரஷ் முடியில் சிக்கிக்கொண்டது. குட்டி ஓடியது. பிரஷும் ஓடியது. ஒட்டடைக் கம்பும் பின்னாலேயே ஓடி, தையல் கடைக்குள் புகுந்து, வாடிக்கையாளர் பஹீமாவின் மகள் நிக்காஹ் துணிகளுக்கு நடுவே விழுந்தது. பஹீமா நாற்காலி மேல் ஏறிக்கொண்டார். சிவராமன் முன்பே ஏறியிருந்தார்.

பங்கஜவல்லிதான் குட்டியை மடக்கிப் பிடித்தாள். பிரஷ் வருவதாக இல்லை. தையல் கத்தரியை எடுத்து அடியோடு ஒரே வெட்டு. பிரஷ் வந்துவிட்டது. குட்டியின் முதுகில் ஒரு தோசைக்கல் அளவு வழுக்கை விழுந்துவிட்டது.

“அடிப்பாவி! அவரு நாயை மொட்டை அடிச்சிட்டியே!”

“முடி வளரும்.”

“அதுக்குள்ள நான் தெலுங்கு கத்துக்குவேன்!”

அன்று சிவராமனுக்குச் சோறு இறங்கவில்லை. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார். பூட்டிய ஒரு வீடு, பாஷை தெரியாத தெரு, பக்கத்தில் வல்லியின் தையல் மிஷின் சத்தம் இல்லாத ராத்திரி.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடலில் தாழ்வு மண்டலம்; துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மத்தியானமே வானம் இருட்டிவிட்டது. பங்கஜவல்லி தைத்த துணிகளைக் கொடுக்கப் போனவள், மழையில் பஹீமா வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் சிவராமனும் பிஜூவும் மட்டும்.

முதல் இடி விழுந்தது. சிவராமன் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு “அர்ஜுனா, அர்ஜுனா” என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். இரண்டாவது இடிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டிலுக்கடியிலிருந்து வெள்ளையாக ஒன்று பாய்ந்து வந்து அவர் மடியில் விழுந்தது.

நாய்! மடியில் நாய்! எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தார். கால் எழவில்லை. மூன்றாவது இடி விழுந்தது. என்ன ஏது என்று யோசிக்காமல் இரண்டு கையாலும் அதைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

குட்டியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவர் நெஞ்சும் அப்படித்தான் அடித்தது. எது யாருடையது என்றே தெரியவில்லை.

“உனக்குமாடா?” என்றார் சிவராமன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். அவருடைய வலது கை விரல் குட்டியின் இடது காதுக்குள் இருந்தது. குட்டி கடிக்கவில்லை. இடது கையைத் தேடினார். அது தொப்புளில் இல்லை, குட்டியின் முதுகில், அந்த வழுக்கையின் மேல் இருந்தது.

அப்புறம் நடந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. பயந்தவனை எப்படித் தொட வேண்டும் என்று பயந்தவனுக்குத்தானே தெரியும்? பின்னாலிருந்து தொடக்கூடாது. சொல்லிவிட்டுத் தொட வேண்டும். கொஞ்சமாகத் தொட்டு, உடனே விட்டுவிட வேண்டும். ஊசி போட்ட கம்பவுண்டரிடம் சின்ன வயதில் தான் என்னவெல்லாம் எதிர்பார்த்தாரோ, அதையெல்லாம் சிவராமன் செய்தார். “காது தொடப் போறேன்டா” என்று சொல்லி ஒரு விரலால் தொட்டு, ஒரு துண்டு இட்லி கொடுத்தார். பாதம், ஒரு துண்டு இட்லி. நகவெட்டியை முதலில் மோந்து பார்க்க விட்டார். அதன் சத்தத்தைத் தன் நகத்தில் வெட்டிக் கேட்கவைத்தார். பிறகு அதன் ஒரே ஒரு நகம், ஒரு துண்டு இட்லி. குட்டி ஒவ்வொரு தடவையும் நடுங்கியது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக. அவரும்தான்.

சாயங்காலம் நனைந்துகொண்டு வந்த பங்கஜவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். புருஷன் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். தொப்புளின் மேல் நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஸ்... சத்தம் போடாத. இப்பத்தான் தூங்குச்சு,” என்றார் சிவராமன்.

பெருமையோடு போனை எடுத்து ‘காது தொடப்பட்டது’ என்று டைப் அடித்தார். அப்புறம்தான் நினைவு வந்தது, அதை அவர் எட்டு நாளைக்கு முன்பே அனுப்பிவிட்டார். முதல் தடவையாக உண்மை, அனுப்ப வழியில்லை.

செவ்வாய்க்கிழமை அடைக்கலராஜ் வந்துவிட்டார். வெளியே அடைமழை. வழுக்கை தெரியாமலிருக்க, பழைய திரைச்சீலையில் பங்கஜவல்லி தைத்துக் கொடுத்த பூப்போட்ட சட்டையைப் பிஜூவுக்கு மாட்டி, சிவராமன் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். வியர்வை ஊற்றியது. இந்தத் தடவை நாயைக் கண்டு இல்லை.

அடைக்கலராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். “பிஜூ! டூஸ்மான்!” என்று கையை நீட்டினார். குட்டி வெடுக்கென்று அவர் விரலைக் கவ்வப் பார்த்துவிட்டு, சிவராமனின் அக்குளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. இழுபட்டதில் சட்டையின் பித்தான் தெறித்தது. வழுக்கை வெளியே வந்தது.

முடிந்தது கதை என்று சிவராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

“முடியை வெட்டிட்டீங்களா? நல்லதாப் போச்சு. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்,” என்றார் அடைக்கலராஜ்.

இந்த அடைமழையில் எந்த வெயில்? சிவராமனுக்குக் கேட்கத் தைரியமில்லை.

“எங்க, காதைத் தொட்டுக் காட்டுங்க.”

தொட்டார். பாதத்தைப் பிடித்தார். வாயைத் திறந்தார். வாலைத் தூக்கினார். சீவினார். நகம் ஒன்று வெட்டினார். பிஜூ கொட்டாவி விட்டது.

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. “உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் சிவராமன் நான் ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தேன். நீங்களே வச்சுக்குங்க அதை, உங்ககிட்டதான் நிக்குது. மத்ததை நான் பார்த்துக்கறேன், போங்க.”

சிவராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் இடத்துக்கு வந்ததும் வராததுமாகப் பங்கஜவல்லிக்குப் போன் போட்டார். “வல்லி! தப்பிச்சாச்சு! ஏனாம் இல்ல, ஒண்ணும் இல்ல! திருநள்ளாத்தான் கைவிடல! ராத்திரிக்கு அடை பண்ணு, பிஜூவுக்குத் தனியா ரெண்டு!”

அலுவலகத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் அன்று மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெட்சிணாமூர்த்தி டீயை மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் ஒரு தாளையும் வைத்தார்.

“சார், காக்கிநாடா வண்டிக்கு ரிசர்வேஷன் பாரம். அய்யா பேரும் உங்க பேரும் எழுதியாச்சு, உங்க வயசை மட்டும் போட்டுக் கொடுங்க.”

சிவராமனின் இடது கை தானாகப் போய்த் தொப்புளை மூடிக்கொண்டது. “எனக்கெதுக்குய்யா காக்கிநாடா?”

தெட்சிணாமூர்த்தி குனிந்து பிஜூவின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“அய்யாவையே ஏனாமுக்கு மாத்தி, கூட ஒரு கிளார்க்கை அவரே பொறுக்கிக்கலாம்னு நீங்க திருநள்ளாறு லீவுல இருந்தப்பவே ஆர்டர் வந்துடுச்சு சார், நாய் பிடிக்குமான்னு அவரு கேட்டப்ப நாங்க ஏன் ஒருத்தரும் கையைத் தூக்கலன்னு நினைக்கிறீங்க?”